மே மாதத்துச் சிவப்பு இலைகள்

சங்க்ற் கோர், ஜேர்மனி
7 மே 2025

அன்புள்ள கனகாவுக்கு,

நான் சுகம். உமது சுகத்தை மகள் மயூரி காலையும் மாலையும் "அம்மா ஓகே" என்று இரண்டு சொல்லில் அனுப்புகிறாள். அது எனக்குப் போதவில்லை.

"போனிலை கதைச்சால் 'சாப்பிட்டிட்டீரோ' எண்டு கேட்டிட்டு வைச்சிடுவியள். எழுதுங்கோ. டயாலிசிஸ் மெசினிலை கிடக்கிற நேரம் வாசிக்க ஏதாவது வேணும்" என்று நீர் சொன்னபடி எழுதுகிறேன். இதைப் போனில் படம் எடுத்து அனுப்ப, மயூரி விட்பியில் தன் வேலையிடத்தில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து உம்மிடம் தருவாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்று எத்தனை வருடம் கவலைப்பட்டிருப்போம். இன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. பயமில்லாமல் எழுதலாம்.

இன்று ரைன் நதியில் கப்பலில் வந்தேன். இரண்டு கரையிலும் கோட்டைகள். எல்லாம் மலை உச்சியில் இருக்கின்றன. சில முழுதாக, சில இடிந்துபோய். ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள், மூன்று மொழியில். வெயில். கொஞ்சம் காற்று. கீழே திராட்சைத் தோட்டங்கள்.

பிள்ளைகள் எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கென்று இரண்டு பேருக்கு எடுத்துத் தந்த பயணம் இது. எல்லா இடத்திலும் இரண்டு ரிக்கெற் இருக்கிறது. கப்பலில் உமது இருக்கையில் என் ஜக்கெற்றைப் போட்டு வைத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். இறங்கும்வரை அவள் என்னையும் ஜக்கெற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எயார்போட்டில் நீர் வாங்கிய இரண்டு சத்தியமும் நினைவிருக்கிறது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகக்கூடாது. உமது சிறுநீரக வருத்தத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. சத்தியம் வாங்கியபிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்குப் போனீரே, அதுவும் நினைவிருக்கிறது. நான் வரமாட்டேன் என்று ஒரு மாதம் சண்டை பிடித்தேன். நீர்தான் போ போ என்று கலைத்துவிட்டீர்.

வேறு என்ன. காலையில் சாப்பிடத் தருகிற பாண் கல்லு மாதிரி இருக்கிறது.

அன்புராசா


ரூஜ், ரொறன்ரோ
8 மே 2025, வியாழன்

என் அன்புக்குரியவருக்கு,

இடது கையில் இரண்டு ஊசி. வலது கை சும்மா இருப்பதால் இங்கேயே, மெசினில் இருந்தபடியே எழுதுகிறேன்.

வந்தது கடிதமா அல்லது பொலிஸில் கொடுத்த வாக்குமூலமா? வெயில், கொஞ்சம் காற்று, இரண்டு கரையிலும் கோட்டை. இதை ஸ்காபரோ லைப்ரரியில் இருந்தே எழுதியிருக்கலாமே. பக்கத்துக் கதிரை பேனாட் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பாசையூர்க்காரர், ஆறு வருடமாக இந்த யூனிற்றுக்கு வருகிறார். "தங்கச்சி, மனுசன் ஜக்கெற்றைப் பற்றி எழுதினது மட்டும்தான் நல்லாயிருக்கு" என்றார். எனக்கும் அதுதான். அந்த இடத்தை மூன்று தரம் வாசித்தேன்.

நான் ஏன் சொந்தக்காரர் வீடு வேண்டாம் என்றேன் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு தடவை ஐரோப்பா போனோம். ஒரு தடவை கலியாணம், ஒரு தடவை பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. இரண்டு தடவையும் நாங்கள் பார்த்தது சோபாக்களையும் அல்பங்களையும்தான். உங்கள் சித்தப்பா மகன் கிருபன் கார் ஓடிக்கொண்டே, "அண்ணி, உங்கை பாருங்கோ ஒரு கோட்டை" என்பான். நான் திரும்ப முதல் அது போய்விடும். மடியில் சாப்பிடத் தந்துவிட்ட ரோல்ஸ் பெட்டி வேறு. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் காலத்துக்கும் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா? இப்போது என் வருத்தம் வேறு. தெரிந்தால் அழுதழுது போன் எடுப்பார்கள். நான் உயிரோடு இருக்கும்போதே செத்தவீடு மாதிரிக் கிடக்கும்.

திங்கட்கிழமை எல்ற்ஸ் கோட்டைக்குப் போகிறீர்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. வெக்ஸ்போர்ட் அப்பாட்மென்றில் நாங்கள் இருந்தபோது கீழே சலவை அறையில் யாரோ விட்டுப்போன அந்தப் பெட்டி நினைவிருக்கிறதா? துண்டு துண்டாகச் சேர்த்து அடுக்குகிற எல்ற்ஸ் கோட்டைப் படம், ஆயிரம் துண்டு. உங்கள் தம்பிமார், என் அம்மா, பிள்ளைகள் என்று எட்டுப் பேர் இருந்த வீட்டில், எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபிறகு மேசையைத் துடைத்துவிட்டு அடுக்குவேன். அந்தக் கோட்டையில் என் விரல் படாத கல் இல்லை. அதனால் கவனமாகப் பாருங்கள். வாசலுக்குள் போகும்போது குளிருமா? என்ன மணம்? படிகள் நடுவில் தேய்ந்திருக்குமா? எந்த யன்னலில் யார் நின்று வெளியே பார்த்திருப்பார்கள்? எனக்கு இதெல்லாம் வேண்டும்.

போன் என் மடியில்தான் இருக்கிறது. குளிக்கும்போதும் கதவடியில் வைக்கிறேன். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் அழைப்பார்கள், எந்த நேரமும் வரலாம், உடனே ஓடவேண்டும் என்பதால் ஒவ்வொரு மணிச்சத்தத்துக்கும் பாய்ந்து எடுக்கிறேன். நேற்று அடித்தது ஏசி திருத்துகிறோம் என்கிற ஆட்கள்.

டொக்டர் எனக்கு விட்ட தண்ணீர் அளவு இன்றைக்கு முடிந்துவிட்டது. ஐஸ் கட்டியைச் சூப்பிக்கொண்டு இருக்கிறேன். நீங்கள் ஆற்றங்கரையில் தேத்தண்ணி குடித்தால் அதையும் எழுதுங்கள். பொறாமைப்படமாட்டேன். கொஞ்சம்தான் படுவேன்.

கனகா


கொப்ளென்ஸ்
12 மே 2025

அன்புள்ள கனகாவுக்கு,

எல்ற்ஸ் கோட்டையைப் பார்த்துவிட்டேன்.

காட்டு வழியாக நடந்து போனேன். வளைவு திரும்பியதும் அது திடீரென்று எழுந்து நின்றது. கூர்க் கோபுரங்கள், சிவப்புக் கோடு போட்ட சுவர்கள், சின்னச் சின்ன யன்னல்கள். கீழே கல் பாலம். சுற்றிவர மரங்கள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பற்றி எரிவதுபோல நின்றன. இலைகள் பாலத்தில் உதிர்ந்து கிடந்தன. வானம் நீலம். பார்த்தபடி என்னை மறந்து நின்றேன்.

வாசலுக்குள் போகும்போது குளிர்ந்தது. பழைய மணம். படிகள் நடுவில் தேய்ந்துதான் இருக்கின்றன. மேல் யன்னல் ஒன்றில் ஒரு அரசி நின்று, போருக்குப் போன கணவனைப் பார்த்துக் காத்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் உமது முகமாக இருந்தது.

தேத்தண்ணியும் குடித்தேன். நல்லாயிருக்கவில்லை.

உமது நினைவாகவே இருக்கிறேன்.

அன்புராசா


ரூஜ்
13 மே 2025, செவ்வாய்

அன்புராசா அவர்களுக்கு,

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்கள் புளுகு ஒரு பகல்கூடத் தாங்கவில்லை.

இது மே மாதம். இங்கே எங்கள் வளவில் மேப்பிள் இப்போதுதான் பச்சை விடுகிறது. ஜேர்மனியில் மட்டும் எந்த மரத்தில் ஐயா சிவப்பு இலை? எந்த இலை உதிர்ந்து பாலத்தில் கிடந்தது? அது வெக்ஸ்போர்ட்டில் என் மேசையில் கிடந்த படம். நான் அடுக்கியதை எனக்கே திருப்பி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான் கேட்ட குளிர், நான் கேட்ட மணம், நான் கேட்ட படி. எல்லாவற்றுக்கும் "ஓம்" போட்டிருக்கிறீர்கள், வீட்டில் சாமான் வாங்கிவந்து சொல்வதுபோல.

பேனாட் அண்ணைக்கு இதையும் பெருமையாக வாசிக்கத் தொடங்கினேன். "அரசி" வரைக்கும் வந்தபிறகுதான் மேலே எழுதியது மூளையில் ஏறியது. பாதியில் நிறுத்திவிட்டுக் கண் வலிக்கிறது என்று சொன்னேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

எனக்குக் கோபம் நீங்கள் கோட்டைக்குப் போகாததற்கு இல்லை. கால் வலித்தது, மழை பெய்தது, மனம் வரவில்லை என்று எழுதியிருந்தால் அதையும் மடியில் வைத்து வாசித்திருப்பேன். உங்கள் கண்ணால்தான் நான் இனி எதையும் பார்க்கவேண்டும் என்று இருக்கிறேன். அந்தக் கண்ணே பொய் சொன்னால் நான் எங்கே போவது?

எங்கே இருந்தீர்கள்? உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதவேண்டாம்.

கனகாம்பிகை


மன்ஹைம்
15 மே 2025

கனகாவுக்கு,

முழுப் பேரையும் போட்டு எழுதியிருக்கிறீர். பயந்துபோனேன்.

உண்மை இதுதான். நான் கிருபன் வீட்டில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

கொப்ளென்ஸ் ஸ்ரேசனில் எல்ற்ஸுக்குப் போகிற ரெயிலுக்கு நின்றேன். ஒரு தமிழ்ப் பொடியன் பார்த்துக்கொண்டே வந்து, "அண்ணை, நீங்கள் கனடாவோ? உங்களைச் சாமத்தியவீட்டு வீடியோவிலை பாத்தமாதிரிக் கிடக்கு" என்றான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் அப்படியே ஆருக்கோ போன் அடித்தான், அந்த ஆள் இன்னொருவருக்கு அடித்தார். ஒரு கோப்பி குடித்து முடிக்க முதல் கிருபனின் குரல் போனில், "அண்ணை, அசையாமல் அதிலையே நில்லுங்கோ" என்றது. மன்ஹைமில் இருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தான்.

மறுத்திருக்கலாம். நான் மறுக்க விரும்பவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஹொட்டேலில் ஒவ்வொரு நாள் காலையும் மேசையில் இரண்டு பேருக்கு வைத்திருப்பார்கள். நான் இருந்ததும் ஒரு பெண் வந்து மற்றக் கோப்பையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போவாள். சத்தம் போடாமல்தான் எடுப்பாள். ஆனால் ஒவ்வொரு நாளும் எடுப்பாள். ஆரோடையாவது சேர்ந்திருந்து ஒரு பிடி சோறு சாப்பிடவேண்டும்போல் இருந்தது.

உமக்கு என்னவென்று கேட்டார்கள். முழங்கால் வருத்தம் என்று சொன்னேன். கிருபனின் மனுசி நிலாணி உமக்கென்று மிளகாய்த்தூள் வறுத்துக் கட்டத் தொடங்கினா. "அக்காவுக்கு உறைப்புக் கூடப் போடட்டோ" என்று கேட்டா. உமக்கு உறைப்பும் இல்லை, உப்பும் இல்லை, தக்காளியும் இல்லை, ஒரு வாழைப்பழம்கூட இல்லை என்பது எனக்கு நினைவு வந்தது. கையில் சோற்றோடு அழுதுவிட்டேன். பிறகு எதை மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது சத்தியமும் அதோடு போயிற்று.

ஒருவரும் ஒப்பாரி வைக்கவில்லை. நிலாணி தூளைப் பழையபடி போத்தலில் போட்டா. கிருபன் எழும்பிப்போய்த் தண்ணி குடித்தான். அவர்களின் மகள் மதுரா மட்டும்தான் கதைத்தாள். நீர் கடைசியாகப் பார்த்தபோது தாவணியோடு மேடையில் இருந்த பிள்ளை. இப்போது ஹைடல்பேர்க்கில் டயாலிசிஸ் நேர்ஸ். எனக்கு இது தெரியாது. "பெரியப்பா, பெரியம்மா ஏன் வரேல்லை?" என்றாள். "மெசின் இருக்கே பிள்ளை." "மெசின் எங்களிட்டையும் இருக்கு. போன கிழமை ஒரு ஓஸ்ரேலியன் லேடி வந்து செய்திட்டு ஷொப்பிங் போனவ. அவவுக்கு ஏலுமெண்டால் பெரியம்மாவுக்கு ஏலாதோ?"

நேற்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஹைடல்பேர்க்கில், ஆற்றுக்கு இந்தக் கரையில் சின்ன இடம், பன்னிரண்டு கதிரைகூட இராது. கடைசிக் கதிரை யன்னலோரம். இருந்து பாருங்கோ என்றாள். இருந்தேன். கனகா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலையில் கோட்டை நேராகத் தெரிகிறது. பாதி இடிந்த கோட்டை. சிவப்புக் கல். ஒரு கோபுரம் வெடித்துப் பிளந்து, வயிறு வெளியே தெரிய நிற்கிறது. ஆனாலும் நிற்கிறது. முன் சுவரில் யன்னல்கள் இருக்கின்றன, அதற்குப் பின்னால் வீடு இல்லை. யன்னலுக்குள்ளால் வானம் தெரிகிறது. மரங்கள் எல்லாம் பச்சை. நான் பார்த்தேன். பச்சை.

உமது ஊசிக் கை இடது. கோட்டை வலது பக்கம் வரும். ஊசிக் கையை அசைக்காமலே பார்க்கலாம்.

செப்ரெம்பரில் இரண்டு கிழமைக்கு அந்தக் கதிரை கிடைக்குமாம். உமது டொக்டர் எழுதித் தந்தால் மிச்சத்தை மதுரா பார்ப்பாளாம். மெசினில் ஒரு நாள், ஊர் பார்க்க ஒரு நாள். வாரும் கனகா.

அன்புராசா


ரூஜ்
16 மே 2025

இஞ்சாருங்கோ,

கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோப்பையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போகிற பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதை வாசித்தபிறகு திட்ட மனம் வரவில்லை. நிலாணி நேற்றுப் போன் எடுத்தா. அழுவா என்று தயாராக இருந்தேன். "அக்கா, உங்கடை மனுசன் குளிச்சிட்டுத் துவாயைக் கட்டிலிலை போடுறார்" என்று முறைப்பாடு சொன்னா. நன்றாகச் சிரித்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். வெளியூரில் மெசினில் ஏறலாம் என்பது எனக்குத் தெரியும். பெப்ரவரியிலேயே இங்கே நேர்ஸ் சொன்னவ. உங்களுக்குச் சொல்லாமல் விட்டது நான்தான்.

மெசின் இல்லை என்னைக் கட்டிவைத்திருப்பது. மாற்றுச் சிறுநீரகப் பட்டியல். கனடாவை விட்டுப் போனால் திரும்பி வரும்வரை பெயரை நிறுத்திவைப்பார்கள். என் இடம் போகாது. ஆனால் அந்த இரண்டு கிழமைக்குள் எனக்குப் பொருந்துகிற ஒன்று வந்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பேனாட் அண்ணை ஆறு வருடம் இருக்கிறார். ஒஸ்லோவில் மகளின் கலியாணத்துக்குக்கூடப் போகவில்லை, வீடியோவில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தாராம். நான் கோட்டை பார்க்கப் போன நேரம் அந்த அழைப்பு வந்தால்? பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பது? உங்கள் முகத்தில்? உங்களுக்குச் சொன்னால் "கேட்டுப் பாப்பம்" என்பீர்கள், பிறகு நான் முடிவு எடுக்கவேண்டும். எனக்கு அதற்குத் தைரியம் இல்லை. தெரியாததுபோல இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களை ஏன் தனியாகக் கலைத்தேன் என்று எல்லாரும் கேட்டார்கள். ரிக்கெற் வீணாகும் என்று சொன்னேன். அது இல்லை. உங்களுக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. கடைக்குப் போனால் எனக்குப் போன் அடித்து எந்தப் பால் என்று கேட்பீர்கள். நான் இல்லாமல் போனால் ஹோலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவீர்கள். தனியாக ரெயில் ஏறி, தனியாகச் சாப்பிட்டு, நல்லதொன்றைத் தனியாகப் பார்க்கப் பழகவேண்டும். நான் இருக்கும்போதே பழகினால் நல்லது என்று நினைத்தேன். எயார்போட்டில் முகத்தைத் திருப்பியது கோபத்தில் இல்லை.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நீங்கள் பொய்யை ஒத்துக்கொண்டீர்கள், நான் மட்டும் மறைப்பது சரியில்லை.

கதிரை வேண்டாம். மதுராவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் கோட்டைக்கு மேலே போய் நன்றாகப் பார்த்து எழுதுங்கள்.

கனகா


ஹைடல்பேர்க்
18 மே 2025, ஞாயிறு

அன்புள்ள கனகா,

பழகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர். நான் பழகவில்லை. பழக வந்த இடத்தில் ஃபெயில் என்று வைத்துக்கொள்ளும்.

நேற்று மலை ரெயிலில் ஏறி மேலே போனேன். வாசலில் ரிக்கெற் எடுத்தேன். உள்ளே ஒரு பெரிய வைன் பீப்பாய் இருக்கிறதாம், வீடு அளவு, அதன் மேல் ஏறி நடக்கலாமாம். எல்லாரும் போனார்கள். நான் வெளியே கல்லில் இருந்தேன். என்னால் போக முடியவில்லை. எழுபது வயது தாண்டிய ஒரு சோடி, இரண்டு பேரும் தொப்பி, மனுசி வழிகாட்டிப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "இந்தக் கோபுரம்தான்" என்கிறா, மனுசன் "இல்லை" என்கிறார். சண்டை பிடித்துக்கொண்டே உள்ளே போனார்கள். வெளியே வரும்போதும் சண்டை. எனக்கு அந்தச் சண்டை வேண்டும்.

முப்பது வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கே போனோம்? வெக்ஸ்போர்ட்டில் எட்டுப் பேர். பிறகு வாங்கிய வீட்டில் உமது அம்மா, பிள்ளைகள், பேஸ்மென்றில் வாடகைக்கு ஆட்கள். நயாகராவுக்குப் போனாலும் வான் நிறையச் சனம். இரண்டு பேருக்கு என்று வந்த முதல் பயணத்தை நான் ஒரு ஜக்கெற்றோடு செய்கிறேன்.

நீர் பட்டியலைப் பற்றி எழுதியதை வாசித்தபிறகு கதிரையைப் பற்றி நான் இனி ஒரு சொல் சொல்லமாட்டேன். அழைப்பு வரட்டும். அதுதான் பெரிது. நானும் ஆசையில் விசர்க் கதை கதைத்துவிட்டேன். மதுராவுக்குச் சொல்லிவிட்டேன். அவள், "பெரியப்பா, நான் கதிரையை இப்ப ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, இன்னும் ரெண்டு கிழமை உங்களுக்கெண்டு வைச்சிருக்கிறன்" என்றாள். அது அவளின் விருப்பம்.

பயணத்தில் மிச்சமிருக்கிற பிராக் நகரம் எல்லாம் எனக்கு வேண்டாம். ரிக்கெற்றை மாற்றி 22ஆம் திகதி வருகிறேன். தனியாக இருக்கப் பழகுவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். இப்போது உம்மோடு இருக்கப் பழகியதே எனக்குப் போதும்.

இன்று முழுக்க மயூரியிடம் இருந்து "அம்மா ஓகே" வரவில்லை. எழுதச் சொல்லும்.

அன்புராசா


ரூஜ்
20 மே 2025, செவ்வாய்

என் அன்புராசாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தது.

பயப்படாதீர்கள், நான் மெசினில் இருந்துதான் எழுதுகிறேன். காலையில் மயூரி புட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தாள். கையை நீட்டுகிற நேரம் போன் அடித்தது. ஒன்றும் சாப்பிடாமல் உடனே வரச் சொன்னார்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், நான் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்குச் சரிவராவிட்டால் எனக்கு. மயூரி நெடுஞ்சாலையில் கார் ஓடிய ஓட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

உங்களுக்கு அறிவிக்கவேண்டாம் என்று அவளைத் தடுத்தது நான்தான். அதனால்தான் "அம்மா ஓகே" வரவில்லை. ஓகேயா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

இரத்தம் எடுத்தார்கள், அந்த நீல உடுப்பைத் தந்தார்கள், கட்டிலில் கிடத்தினார்கள். எத்தனை மாதமாக நான் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த அழைப்பு. வந்துவிட்டது. கடவுளே, எனக்கே கிடைக்கட்டும் என்று கும்பிடத்தான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனதில் வந்தது அது இல்லை. என்ரை மனுசன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனிய நிக்கிறான், நான்தான் கலைச்சனான், நான் இதிலை கண் முழிக்காட்டில் அவனோடை ஒரு இடமும் போகாமலே போயிடுவன் என்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்த மயூரியின் கையைப் பிடித்தேன். அது உங்கள் கை இல்லை. அவ்வளவுதான். அவள் என்ன செய்வாள், பாவம்.

பின்னேரம் ஒரு டொக்டர் வந்தார். முதல் ஆளுக்குச் சரிவந்துவிட்டதாம். "ஐ ஆம் சொறி" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். முதல் ஆள் யாரென்று தெரியாது. நன்றாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து ஆறின புட்டைச் சீனியோடு சாப்பிட்டேன். மயூரி அழுதாள், நான் அழவில்லை. என் மனம் நான் நினைத்ததைவிட இலேசாக இருந்தது.

இன்று காலை உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை வாசித்தேன். பேனாட் அண்ணைக்கு வாசித்துக் காட்டவில்லை. இது எனக்கு மட்டும். தலைகீழாகப் புத்தகம் பிடித்த மனுசியை எனக்குப் பிடித்திருக்கிறது. அவ சொன்ன கோபுரம்தான் சரியாக இருக்கும்.

நான் நன்றாக யோசித்துவிட்டேன். அந்த அழைப்பு இன்னும் வரும். இரண்டு கிழமை அதற்கு நான் இல்லை என்றால் இல்லைதான். அந்த நேரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் எங்கும் போகாமல் அதுக்காகக் காத்திருந்து, கடைசியில் அது வந்து எனக்கு என்ன? ஞாயிறு இரவே மயூரியிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்கக் கோபித்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "அம்மா, யூ ஷுட் கோ. அப்பாவை மட்டும் வழிக்கு மப் பாக்க விடாதேங்கோ" என்றாள்.

நேற்று விக்ரோரியா டே லீவு. அதனால் இன்று மெசினில் ஏற முதல், பட்டியலைப் பார்க்கிற பெண்ணுக்குப் போன் அடித்தேன். செப்ரெம்பரில் இரண்டு கிழமைக்கு என் பெயரை நிறுத்திவைக்கச் சொன்னேன். அவள் இரண்டு தரம் கேட்டாள், நிச்சயமா என்று. நிச்சயம் என்றேன். காரணம் எழுதவேண்டுமாம். வேறு நாட்டில் சத்திரசிகிச்சையா, குடும்பத்தில் மரணமா என்று தானாகவே கேட்டுக்கொண்டு போனாள்.

இல்லை பிள்ளை, என்ரை மனுசனோடை ஊர் சுத்திப் பாக்கப் போறன் என்று, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

கனகா